மேஜர் லீக் பேஸ்பால் அம்பயர் ஆவது எப்படி? ஆன பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பேஸ்பால் அம்பயர் வேலைக்கு ஒருவர் எப்படி வருகிறார்? சம்பளமும் வாழ்க்கையும் எப்படி? கேமராவும் கணினியும் வந்துவிட்ட பிறகு இந்த வேலை மிஞ்சுமா?

மூன்றுக்கும் ஒரு எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் நிரந்தர அம்பயர்கள் மொத்தமே 76 பேர். நான்கு நான்கு பேராக 19 குழுக்கள். யாராவது ஓய்வு பெற்றாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, வேலையை விட்டு நீக்கப்பட்டாலோதான் அடுத்தவருக்கு இடம். சில வருடங்களில் ஒன்றிரண்டு காலியாவதே பெரிது. 2023 சீசனுக்கு முன்னால் பத்துப் பேர் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள். 1999க்குப் பிறகு இவ்வளவு பெரிய மாற்றம் நடந்ததில்லை என்று அது செய்தியானது. அதற்குக் கீழ்ப் படியான மைனர் லீக்கில் இந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருநூறு பேருக்கும் மேல். கண்பார்வை, தைரியம், விதி அறிவு எல்லாம் வேண்டும்தான். ஆனால் அவை எல்லாம் இருந்தும் வருடக்கணக்கில் காத்திருக்கத் தெரியாதவருக்கு இது ஒத்துவராது.

உள்ளே நுழைவது என்னவோ எளிது. பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், ஓடியாடும் உடம்பு வேண்டும், கண்ணாடியோ லென்ஸோ போட்டாவது பார்வை சரியாக இருக்க வேண்டும். பெரிய அளவில் ஆடியிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கிரிக்கெட்டில் முன்னாள் டெஸ்ட் வீரர்கள் அம்பயராக வருவதை நாம் பார்த்திருக்கிறோம். பேஸ்பாலில் இன்று அப்படி வருகிறவர் அபூர்வம். ஏனென்றால் மேஜர் லீக்கில் ஆடிச் சம்பாதித்த ஒருவர், மறுபடி அடிமட்டத்திலிருந்து மோட்டல் மோட்டலாகப் படுத்து வர எதற்காகச் சம்மதிப்பார்?

பல பத்தாண்டுகளாக வழி இதுவாகத்தான் இருந்தது: ஜனவரி, பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் நடக்கும் அம்பயர் பள்ளியில் பணம் கட்டி ஏறக்குறைய ஐந்து வாரம் படிப்பது, அங்கே மேலே வருகிறவர்களை மைனர் லீக் எடுத்துக்கொள்வது. இவற்றில் பெயர் பெற்றது வெண்டல்ஸ்டெட் பள்ளி. மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் (மற்றது அமெரிக்கன் லீக்) நெடுங்காலம் அம்பயராக இருந்த ஹாரி வெண்டல்ஸ்டெட் அதை நடத்தினார். அவருக்குப் பின் மகன் ஹன்டர், அவரும் மேஜர் லீக் அம்பயர்தான். (குடும்பத் தொழில் என்ற பேச்சு வந்தால் ரங்கி குடும்பத்தையும் சொல்ல வேண்டும்: எட், பால், பிரையன் என்று தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் மேஜர் லீக்கில் நின்றவர்கள்.) இப்போது மேஜர் லீக் நிர்வாகமே பல ஊர்களில் ஒரு நாள் முகாம்களைக் கட்டணமில்லாமல் நடத்தி, தேறுகிறவர்களை நீண்ட பயிற்சிக்கு அழைக்கிறது. பணம் இல்லை என்பதற்காக ஒதுங்கியவர்களுக்கு இது நல்ல மாற்றம்.

பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது விதிப் புத்தகத்தை அல்ல, முகக்கவசத்தைக் கழற்றுவதை. இடது கையால் கழற்ற வேண்டும், தொப்பி கீழே விழக் கூடாது, தலை ஆடக் கூடாது, பார்வை பந்தை விட்டு அகலக் கூடாது. பால் (அடிக்க வேண்டிய பகுதிக்கு வெளியே போனதால் விடப்பட்ட பந்து), ஸ்ட்ரைக் (அதற்குள் வந்தும் விடப்பட்டது, அல்லது அடிக்கப் பார்த்துத் தவறவிட்டது), அவுட் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும் சின்னக் கருவியும் இடது கையில்தான். வலது கை சைகை காட்டுவதற்குக் காலியாக இருக்க வேண்டும். இதை நூறு முறை செய்யச் சொல்வார்கள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதைச் சரியாகச் செய்யாத அம்பயர், பந்து அடிக்கப்பட்ட அந்த அரை நொடியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது முதல் பேஸ், அதாவது பந்தை அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் இடம். ஓடி வருகிறவரின் கால் முந்தியதா, எறிந்த பந்து முந்தியதா என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்க முடியாது. பந்து கையுறைக்கு வருவது மார்பு உயரத்தில், கால் படுவது தரையில். அதனால் எறிதல் நேராக வருகிறது என்று தெரிந்ததும் கண்ணைப் பேஸில் வைத்துவிட்டு, பந்து கையுறையில் அறையும் சத்தத்தைக் காதால் பிடிக்கச் சொல்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் கத்தும் மைதானத்திலும் இதேதான் முறை.

பயிற்சியில் தேறினால் அடிமட்ட ரூக்கி லீக். அங்கிருந்து சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ, பிறகு மேஜர். கீழ் நிலைகளில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டே அம்பயர்கள். ஒருவர் பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், இன்னொருவர் மீதி மைதானம் முழுவதற்கும். மறுநாள் மாறிக்கொள்வார்கள். சீசன் முழுக்கப் பெரும்பாலும் ஒரே ஜோடி: ஒரே கார், ஒரே உணவகம், ஒரே முகம். ஜோடியோடு மனஸ்தாபம் வந்துவிட்டால் அந்தக் கோடை நரகம்தான்.

சம்பளம்? பல ஆண்டுகளாக அடிமட்டத்தில் மாதம் 2,000 டாலரை ஒட்டி, ட்ரிபிள்-ஏவில் 3,000 டாலர் சொச்சம் என்றுதான் இருந்தது. அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். குளிர்காலத்தில் பள்ளி பாஸ்கெட்பால் ஆட்டங்களுக்கு நடுவராகப் போவார்கள், கிடங்கில் வேலை பார்ப்பார்கள், பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவார்கள். இப்படி ஏழிலிருந்து பத்து வருடம் என்பது சாதாரணக் கணக்கு. சிலருக்கு அதற்கும் மேல். வருடா வருடம் மேலிருந்து ஆள் வந்து பார்த்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கசப்பாகத் தோன்றும் ஒரு விஷயம் இருக்கிறது. ட்ரிபிள்-ஏவில் சில ஆண்டு நின்றும் மேஜருக்கு ஏற மாட்டார் என்று முடிவானால் அவரை அங்கேயே வைத்திருக்க மாட்டார்கள், விடுவித்துவிடுவார்கள். வேலை மோசம் என்பதற்காக அல்ல, கீழே இருப்பவருக்கு வழி அடைபடக் கூடாது என்பதற்காக. முப்பத்தைந்து வயதில், வேறெங்கும் செல்லாத ஓர் அனுபவத்தோடு ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

மேலே போகிறவர்கூட நேராகப் போவதில்லை. மேஜர் லீக் அம்பயர்களுக்குச் சீசன் நடுவிலேயே நான்கு வாரம் விடுப்பு உண்டு. அந்த இடைவெளிகளையும் காயம்பட்டவர் இடத்தையும் ட்ரிபிள்-ஏவின் முன்வரிசை ஆட்கள் நிரப்புவார்கள். ஒரு வாரம் முதல் வகுப்பு விமானம், அடுத்த வாரம் மறுபடி பழைய இடம்.

காத்திருப்பின் நீளம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததும் இல்லை. மேஜர் லீக்கின் முதல் கறுப்பின அம்பயர் எம்மெட் ஆஷ்ஃபோர்ட். தபால் துறை வேலையை விட்டுவிட்டு 1951இல் மைனர் லீக்குக்கு வந்தவர், அமெரிக்கன் லீக்கில் நின்றது 1966இல், 51 வயதில். 1970உடன் ஓய்வு. ஐந்து சீசனுக்காகப் பதினைந்து வருடம். அதற்குள் அவர் ஓடும் ஓட்டத்தையும் சைகைகளையும் பார்க்கவே ஆட்கள் மைதானத்துக்கு வந்தார்கள் என்பது வேறு கதை.

பாம் போஸ்டெமா 1977இலிருந்து 1989 வரை பதின்மூன்று சீசன் மைனர் லீக்கில் நின்றார், அதில் பாதி ட்ரிபிள்-ஏவில். 1988இல் மேஜர் லீக் அணிகளின் பயிற்சி ஆட்டங்களுக்கும் அழைத்தார்கள். 1989 முடிவில் விடுவித்துவிட்டார்கள். பெண் என்பதால்தான் என்று அவர் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. ஒரு பெண் மேஜர் லீக் சீசன் ஆட்டத்தில் அம்பயராக நிற்க அதற்குப் பிறகும் 36 வருடம் ஆனது. 2025 ஆகஸ்ட் 9, அட்லான்டா, மயாமி அணியோடு ஆட்டம், முதல் பேஸில் ஜென் பாவெல். மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால். அவரும் 2016இலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர்தான்.

இந்த வரிசை ஒரே ஒருமுறை தடாலென்று நகர்ந்தது. 1999 ஜூலையில் அம்பயர் சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் ரிச்சி பிலிப்ஸ் ஒரு திட்டம் போட்டார். ஒப்பந்தப்படி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அதனால் எல்லோரும் ராஜினாமா கொடுத்தால் நிர்வாகம் பணிந்துவிடும் என்று கணக்கு. 57 பேர் கொடுத்தார்கள். நிர்வாகமோ நன்றி சொல்லாத குறையாக வாங்கி வைத்துக்கொண்டு மைனர் லீக்கிலிருந்து புது ஆட்களை எடுக்கத் தொடங்கியது. அலறியடித்துத் திரும்பப் பெற்றவர்கள் தப்பினார்கள், 22 பேருக்கு வேலை போயிற்று. சங்கமே உடைந்து அடுத்த ஆண்டு வேறு சங்கம் வந்தது. தொழிற்சங்க வரலாற்றில் சொந்தக் கோல் என்றால் இதுதான். வேலை இழந்தவர்களில் ஒருவர் ஜோ வெஸ்ட். 2002இல் திரும்ப எடுக்கப்பட்டு, 2021இல் ஓய்வு பெறும்போது 43 சீசன், 5,460 ஆட்டங்கள் என்று, பில் கிளெம் வைத்திருந்த 5,375 ஆட்டச் சாதனையை முறியடித்துவிட்டுப் போனார். கிளெம் 1941இல் ஓய்வு பெற்றவர் என்றால் அந்தச் சாதனை எவ்வளவு காலம் நின்றிருக்கிறது பாருங்கள்.

சரி, மேலே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் தொடக்கத்தில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் அளவு, மூத்தவர்களுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் என்று செய்திகளில் வந்திருக்கிறது. விமானம் முதல் வகுப்பு, ஓய்வூதியம் உண்டு. ஆனால் சொந்த ஊர் ஆட்டம் என்பது கிடையாது. அணிகளாவது சீசனில் பாதியை வீட்டில் கழிக்கும். அம்பயர் மூன்று நான்கு நாளுக்கு ஓர் ஊர் என்று ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பெட்டியோடுதான். மைதானத்தில் இவர்களுக்கென்று ஒரு தனி அறை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் அங்கேயே. புதுப் பந்துகள் வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொன்றிலும் டெலவேர் ஆற்றின் நியூஜெர்சிப் பக்கத்துச் சேற்றைத் தேய்த்து பளபளப்பை எடுப்பார்கள். 1930களின் இறுதியில் லீனா பிளாக்பர்ன் என்ற பயிற்சியாளர் கண்டுபிடித்த சேறு அது. எந்த இடத்தில் அள்ளுகிறார்கள் என்பது இன்றும் ரகசியம். தேய்ப்பது விதிப்படி அம்பயரின் வேலை. நடைமுறையில் வேறு ஆட்கள் செய்துவிடுகிறார்கள்.

நான்கு பேரும் இடத்தைச் சுழற்றிக்கொள்வார்கள். இன்று முதல் பேஸில் நின்றவர் நாளை ஹோம் பிளேட். அந்த நாள்தான் கனமான நாள். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குனிந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு நேர் பின்னால் அம்பயர் நிற்பதில்லை. கேட்சருக்கும் பேட்ஸ்மேனுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் தலையை வைத்துக் குனிகிறார். அறுபது அடி ஆறு அங்குலத்திலிருந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து, அரை நொடிக்கும் குறைவான நேரம், 17 அங்குல அகலத் தட்டு. ஆட்டத்துக்கு ஏறக்குறைய முந்நூறு பந்துகள், அதில் பாதியைப் பேட்ஸ்மேன் தொடாமல் விட்டுவிடுவார், ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு அவசரம். பந்து கேட்சர் கையில் போய் விழும்வரை கண்ணால் தொடர்ந்து, ஒரு கணம் பொறுத்து, பிறகு சொல்ல வேண்டும். நல்ல அம்பயர்கள் தாமதமாகச் சொல்வதைக் கவனித்துப் பாருங்கள்.

அடி வாங்குவதும் இந்த இடத்தில்தான். மட்டையின் விளிம்பில் உரசித் திசைமாறிய பந்து முகக்கவசத்தில் நேராக மோதி, மூளை அதிர்ச்சியோடு ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். உடல் தகுதியைப் பற்றிப் பேசும்போது யாரும் ஜான் மெக்ஷெரியை மறப்பதில்லை. 1996 ஏப்ரல் 1, சின்சினாட்டியில் சீசனின் தொடக்க ஆட்டம். ஏழு பந்துகள் ஆனதும் ஆட்டத்தை நிறுத்தச் சைகை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தவர் அங்கேயே விழுந்து இறந்தார். வயது 51, மிகவும் பருமனான உடம்பு. அதற்குப் பிறகுதான் அம்பயர்களின் உடல்நலத்தை லீக் அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தது.

சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அணியை வழிநடத்தும் மேனேஜர் ஓடிவந்து மூக்குக்கு மூக்கு நின்று கத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அட்லான்டாவின் பாபி காக்ஸ் தன் காலத்தில் 150 முறைக்கு மேல் வெளியேற்றப்பட்டவர். அம்பயர்களுக்குள் இதற்கு எழுதாத வரைமுறை ஒன்று உண்டு. தீர்ப்பைத் திட்டினால் காதில் விழாத மாதிரி இருக்கலாம், ஆளைத் திட்டினால் வெளியே. மற்றபடி, பால்-ஸ்ட்ரைக் தீர்ப்பை வாதிக்க இடத்தை விட்டு ஓடிவருவதே வெளியேற்றத்துக்குப் போதும். வெளியேற்றினால் அன்றிரவே லீக்குக்கு அறிக்கை எழுத வேண்டும். யார் என்ன வார்த்தை சொன்னார் என்று உள்ளது உள்ளபடி.

ஆனால் ஒரு அம்பயரை எடைபோட அவர் எத்தனை பேரை வெளியேற்றினார் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. தப்பான தீர்ப்பு கொடுத்த மறுநாள் அவர் எப்படி வேலைக்கு வருகிறார் என்று பார்க்க வேண்டும். 2010 ஜூன் 2, டெட்ராய்ட். டெட்ராய்ட் பந்துவீச்சாளர் அர்மாண்டோ கலராகா, கிளீவ்லாந்தின் பேட்ஸ்மேன்களை ஒருவர்கூடப் பேஸை எட்டாமல் வரிசையாக 26 முறை ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். இன்னும் ஒரே ஒருவர். முடிந்தால் ‘பெர்ஃபெக்ட் கேம்’, மேஜர் லீக் வரலாற்றிலேயே இருபது சொச்சம் முறை நடந்தது. அடித்த பந்தை எடுத்து எறிந்தார்கள், கலராகாவே முதல் பேஸுக்கு ஓடிவந்து பிடித்தார், தெளிவான அவுட். அங்கே நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸ் கைகளை விரித்து ‘சேஃப்’ (அவுட் இல்லை) என்றார். கலராகா ஒரு சின்னப் புன்னகையோடு திரும்பிப் போய் அடுத்தவருக்குப் பந்து வீசினார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், தப்பு என்னுடையது என்று வெளிப்படையாகச் சொல்லி, கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். முதல் பேஸில் நின்றவர் மறுநாள் ஹோம் பிளேட் என்று சொன்னேன் அல்லவா? விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் வரேன் என்றார். ஆட்டத்துக்கு முன் அணிப் பட்டியலை அம்பயரிடம் தர வேண்டும். டெட்ராய்ட் அதைக் கலராகா கையில் கொடுத்தனுப்பியது. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலை வாங்கினார். சில நாட்களில் வீரர்களிடம் ரகசியமாக எடுத்த கருத்துக்கணிப்பில் லீக்கின் சிறந்த அம்பயர் என்று அதிகம் பேர் சொன்ன பெயர் ஜிம் ஜாய்ஸ்.

எதிர்த் திசையில் ஓர் உதாரணம்: பாட் ஹோபர்க். மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 2022இன் இரண்டாவது ஆட்டத்தில் பேட்ஸ்மேன்கள் தொடாமல் விட்ட 129 பந்துகளில் 129ஐயும் சரியாகச் சொன்னவர் என்று அம்பயர்களை அளக்கும் கணக்குகள் காட்டின. 2025 பிப்ரவரியில் லீக் அவரை நீக்கியது. பேஸ்பால் மீது பந்தயம் கட்டிய நண்பரோடு சூதாட்டக் கணக்கைப் பகிர்ந்துகொண்டார் என்பது காரணம். அவரே பேஸ்பாலில் பந்தயம் கட்டியதாகவோ ஆட்டத்தை வளைத்ததாகவோ ஆதாரம் இல்லை என்றும் லீக்கே சொன்னது. ஆனாலும் வேலை போனது போனதுதான். எனக்கு அந்த முடிவில் குறை தெரியவில்லை.

இனி மூன்றாவது கேள்வி, கணினி. இது நேற்று வந்ததல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கேமராக்கள் அம்பயர்களின் ஸ்ட்ரைக் தீர்ப்புகளை அளந்துவருகின்றன. ஒரு வகையில் அதனால்தான் அவர்கள் மேம்பட்டார்கள். முன்பெல்லாம் அமெரிக்கன் லீக்குக்கும் நேஷனல் லீக்குக்கும் தனித்தனி அம்பயர்கள். ஒன்றில் மார்புக்கு வெளியே பெரிய காற்றடைத்த கவசம் பிடித்து நிமிர்ந்து நின்றதால் உயரப் பந்து ஸ்ட்ரைக், மற்றதில் சட்டைக்குள் கவசம் போட்டுக் குனிந்ததால் தாழ்ந்த பந்து ஸ்ட்ரைக் என்று பேர். 2000இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 2014இலிருந்து அவுட், சேஃப் தீர்ப்புகளை மேனேஜர் எதிர்த்துக் கேட்டால் நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் அம்பயர்கள் வீடியோ பார்த்து முடிவு சொல்கிறார்கள். ஜாய்ஸின் தீர்ப்பு இன்று ஒன்றிரண்டு நிமிடத்தில் திருத்தப்பட்டிருக்கும்.

2026 சீசனிலிருந்து பால்-ஸ்ட்ரைக்குக்கும் இது வந்துவிட்டது; ஏபிஎஸ் (தானியங்கி பால்-ஸ்ட்ரைக் முறை) என்கிறார்கள். நம் கிரிக்கெட் டிஆர்எஸ் தெரிந்தவருக்கு உடனே புரியும். தீர்ப்பை முதலில் மனிதரே சொல்வார். ஓர் அணிக்கு இரண்டு முறையீடு, வென்றால் குறையாது. பந்து வீசும் பிட்சர், கேட்சர், பேட்ஸ்மேன் மூவரில் ஒருவர்தான் கேட்க முடியும், அதுவும் அங்கேயே தலையைத் தட்டிக் காட்டி. மேனேஜருக்கு உரிமை இல்லை. ஸ்ட்ரைக் பகுதி ஒவ்வொரு பேட்ஸ்மேனின் உயரத்தை அளந்து, அதில் 27 சதவீதத்தில் தொடங்கி 53.5 சதவீதத்தில் முடியும். 2025 பயிற்சி ஆட்டங்களில் சோதித்தபோது முறையீடுகளில் ஏறக்குறைய பாதி வென்றன. அதாவது வீரர்களின் கண்ணும் அப்படியொன்றும் தெய்வக் கண் இல்லை.

எல்லாப் பந்தையும் இயந்திரமே சொல்லும் முறையையும் மைனர் லீக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். ஆனால் மேஜருக்குத் தேர்ந்தெடுத்தது முறையீட்டு முறையை. எனவே 76 இடங்களும் அப்படியே இருக்கின்றன. அம்பயருக்குக் கூடுதலாக வந்தது ஒன்றுதான்: தன் தீர்ப்பு தப்பு என்று பெரிய திரையில் படத்தோடு காட்டப்பட்டு, கூட்டம் ஆர்ப்பரிக்கும்போது, அடுத்த பந்துக்குக் குனிய வேண்டும். இதில் ட்ரிபிள்-ஏவிலிருந்து வரும் இளையவர்களுக்குத்தான் சாதகம். அவர்கள் இந்தக் கருவியோடு சில சீசன் ஏற்கெனவே நின்றவர்கள். இருபது வருட அனுபவம் உள்ள மூத்தவர்கள்தான் இதற்குப் புதுசாகப் பழக வேண்டியிருக்கிறது.